ஏழாவது துளையில் தங்கம்

அன்புள்ள என்னவருக்கு,

இங்கே நான் நலம் என்று எழுத ஆசைதான், முதுகு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? நம் வாலுவுக்குத் தலை வாரிவிடக் கற்றுக்கொண்டீர்களா, இல்லை போன போட்டோவில் பார்த்த காக்காய்க் கூடுதான் இன்னமும் பள்ளிக்கூடம் போகிறதா?

தங்கம் மண்ணுக்குள்ளே எப்படிப் போனது என்று கேட்டாளாமே. அது மேலேயிருந்து போகவில்லை, கீழேயிருந்து வந்தது என்று சொல்லுங்கள். ஆழத்தில் கொதிக்கிற நீர் தங்கத்தைக் கரைத்துக்கொண்டு பாறை விரிசல்களில் ஏறும். விரிசல் சட்டென்று அகன்றால் அழுத்தம் குறைந்து, தங்கம் அங்கேயே படிந்துவிடும். இப்படியே படிந்து படிந்து பெருகிய பிறகு, வண்டலும் சரளையும் மேலே மூடிவிடும். நடந்து போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கூடவே வந்த ஆர்சனிக் மட்டும் மண்ணில் லேசாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். அந்தத் துப்பை நம்பித்தான் நாலு வருஷமாக உங்களை விட்டுவிட்டு இந்தக் கொட்டகையில் கிடக்கிறேன்.

பாறையில் நாங்கள் போட்ட ஏழாவது துளையில் தங்கம் கிடைத்துவிட்டது என்று போனில் கத்தினேனே, அதை மறந்துவிடுங்கள். ஆய்வகத்துக்குப் பாறை மாதிரி எடுப்பவர் புது மாப்பிள்ளை. வேலையில் தங்கம் போடக் கூடாது என்பது இங்கே முதல் சட்டம். மனுஷனுக்குக் கழற்ற மனசு வரவில்லை, மோதிரத்தைக் கையுறைக்குள் ஒளித்திருக்கிறார். கையுறை கிழிந்து, மோதிரம் பாறையில் உரசி, அந்தத் தூள்தான் ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது. மோதிரத்தில் கீறலைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டியது. எடுத்து வைத்திருந்த பாறையின் மறுபாதியை அனுப்பிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

துளை போடும் டிரில்லர் அண்ணன் என்னிடம் வாயைத் திறக்காதீங்க மேடம் என்றார். ஆய்வகம் தந்த அந்த ஒரு நம்பரைக் காட்டித் துளையை இன்னும் ஆழமாகப் போட்டுவிடலாம், நிஜமாகவே வந்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பு இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆழம் போகப் போக ஆர்சனிக் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கீழே இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது.

ஆனாலும் தலைமை அலுவலகத்துக்கு உண்மையை எழுதிவிட்டேன். மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்கவில்லை, பொறுப்பு என்னுடையது என்றே எழுதினேன். மத்தியானமே பதில் வந்துவிட்டது, வேலையை நிறுத்தச் சொல்லி. இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இத்தனை பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று நன்றாக அழுதேன், உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது.

என்றைக்காவது வேறு யாராவது இதே இடத்தில் தங்கம் எடுப்பார்கள். டிவியில் வரும். அன்றைக்கு எனக்கு ஆறுதல் எல்லாம் சொல்லாதீர்கள், பேசாமல் சேனலை மாற்றிவிடுங்கள்.

சனிக்கிழமை வருகிறேன். ஒரே ஒரு உதவி. அம்மா தங்கம் கண்டுபிடித்துவிட்டாள் என்று வாலு வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருப்பாள். இல்லை என்று நான் வருவதற்குள் நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இப்படிக்கு,
வெறுங்கையோடு வரும்
உங்கள் மனைவி