மரியம்மாவுக்கும் எனக்கும் புது இடுப்பு

1977 மாசி 3, வியாழன்
காலையில் பனி. கிணற்றடியில் விழுந்துவிட்டேன். பெரிய விழுகைகூட இல்லை. பாசியில் வழுக்கி, சும்மா நிலத்தில் இருக்கப்போனவள் மாதிரி. எழும்ப முடியவில்லை. வலது கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. தம்பி கார் பிடித்து வந்தான். அளவெட்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை குழிக்கொரு "ஐயோ". இப்போது பெரியாஸ்பத்திரி, பெண்கள் வாட். கொப்பியும் பேனையும் மச்சாள், தம்பியின் பெண்சாதி, கொண்டுவந்தது.

மாசி 4, வெள்ளி
எக்ஸ்ரே. இடுப்போடு சேரும் இடத்தில் தொடை எலும்பு முறிவு. டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.
"வயதாலை எலும்பு மெலிஞ்சு போச்சு அம்மா. ஆணி அடிச்சால் பிடிக்காது. முறிஞ்ச குமிழை எடுத்துப்போட்டு உலோகத்திலை ஒண்டு வைப்பம்."
தம்பி வெளிறிப்போனான். "அறுபத்தொன்பது வயதிலை வெட்டுறதோ? வீட்டை கொண்டுபோறம்."
"படுக்கையிலை விட்டால் புண் வரும், சளி கட்டும். பிறகு எழும்பமாட்டா. யோசிச்சுச் சொல்லுங்கோ."
சொன்னது தம்பியிடம். இடுப்பு என்னுடையது! எரிச்சல். பயமும்தான்.

மாசி 6, ஞாயிறு
பக்கத்துக் கட்டில் மரியம்மா. குருநகர், மீன் வியாபாரம், என் வயது. சந்தைக்குப் போகையில் விழுந்தாளாம். அவளுக்கும் இதே முறிவு. வாட் முழுக்கக் கேட்கும் குரல். முதலில் பிடிக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள் என்று தாதி மிஸி சொல்லிவிட்டாள்.
"ரீச்சர், பயமோ?"
"ஓம்."
"எனக்கும்தான். நாளைக்கு என்னை வெட்டுவினம். நான் உயிரோடை வந்தால் நீங்களும் போங்கோ. வராட்டி வீட்டை ஓடுங்கோ."
"ஓடக் கால் எங்கை?"
சிரித்த சிரிப்பில் இடுப்பு நொந்தது. மிஸி ஏசினாள்.

மாசி 7, திங்கள்
மரியம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கையில் செபமாலை. எனக்குப் புட்டு இறங்கவில்லை. அவளுக்காகத் தேவாரம் சொன்னேன், மாதா கோபிக்கமாட்டா.
மத்தியானம் திரும்பி வந்தாள். கண் திறந்ததும் முதல் பேச்சு: "ரீச்சர் இருக்கிறாவோ, ஓடிவிட்டாவோ?"
பின்னேரம் தம்பியிடம் சொன்னேன், நான் சம்மதம் என்று. அழுதான்.
"அக்கா, உங்களுக்கு ஏதும் நடந்தால்..."
"நடக்கத்தான் போறன்."

மாசி 10, வியாழன்
நேற்று முடிந்தது. முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரம். ஆனால் விழித்திருந்தேன். திரைக்கு அப்பால் டொக், டொக். தச்சுப்பட்டறைச் சத்தம்.
"என்ன டொக்டர் அடிக்கிறியள்?"
"உங்கடை புதுக் குமிழை இறுக்கிறன் அம்மா."
"வடிவாய் இறுக்குங்கோ. கனகாலம் பாவிக்க வேணும்."
சிரிப்புக் கேட்டது. இன்று வெட்டின இடத்தில் நல்ல நோ. கஞ்சி முழுவதும் குடித்தேன்.

மாசி 14, திங்கள்
நின்றேன்! நடைச்சட்டத்தைப் பிடித்து, மிஸி ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். தலை சுற்று. முன்னால் மரியம்மா தன் சட்டத்தோடு, 'புதுமீன், உடன்மீன்' கூவுகிற குரலில்: "வாங்கோ ரீச்சர், வாங்கோ! புதுக்கால், உடன்கால்!" யன்னல் வரை போய்விட்டேன். வெளியே வேப்பமரம். கண்ணீர் வந்தது.
மச்சாளின் வடையில் பாதி மரியம்மாவுக்கு. அவளுடைய பேணியில் எனக்குத் தேத்தண்ணி. மீன்காரி குடிக்கிற பேணியாம், மச்சாள் முகத்தைச் சுழித்தாள். சுழிக்கட்டும்.

பங்குனி 20, ஞாயிறு
வீடு. வெயில். பொல்லை ஊன்றி வாசல் படலை வரை நடை. பஸ் நின்றது, மரியம்மா! பொல்லு, புதுச் சேலை.
"சைவ வீடெண்டு மீன் கொண்டுவரேல்லை, பயப்பிடாதையுங்கோ."
மச்சாளே கதிரை போட்டாள். தன் கையால் தேத்தண்ணியும்.
"கீரிமலை பக்கத்திலைதானே ரீச்சர்?"
போனோம். கடலோரக் கற்கட்டின் மேல் அமர்ந்து காற்று வாங்கி, கச்சான் கடலை தின்று, ஊர்க்கதை எல்லாம் கதைத்து. திரும்பும்போது பஸ்ஸில் சரியான நெருக்கம். ஒரு பொடியன் எழும்பி இடம் தந்தான்.
மரியம்மா சொன்னாள்: "நீர் இரும் தம்பி. நாங்கள் கொஞ்சம் நிண்டு வாறம்."