மடிப்புக்குள் போன முடிவு

ஆகஸ்ட் 4

நத்தைகளுக்கு வெள்ளரி நறுக்கிப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் பேராசிரியர் வாசலில் நிற்கிறார். மாநாட்டில் என் போஸ்டரை ஏற்றுக்கொண்டார்களாம். நான் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மீதியையும் சொன்னார்: அவர் ஓய்வு பெறுகிறார், டிசம்பரோடு எங்கள் ஆய்வுக்கூடத்தை மூடுகிறார்கள். நத்தை ஆராய்ச்சியில் பெரிய ஆளான ஒரு அம்மா மாநாட்டுக்கு வருகிறார். அவருடைய கூடத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. "அவங்களை உன் போஸ்டர் முன்னாடி கொண்டுவந்து நிறுத்தறது என் பொறுப்பு. பேசறது உன் பொறுப்பு."

பேசுவது! அதுதானே எனக்கு வராது.

ஆகஸ்ட் 9

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் தொழில் தையல். வீட்டில் இன்னொரு தொழிலும் உண்டு, என் வாக்கியங்களை முடித்துவைப்பது. "நாளைக்கு எனக்கு..." என்பேன். "சாப்பாடு கட்ட வேண்டாம், அதானே?" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இப்படியே ஓடிவிட்டது குடும்பம். மாநாட்டுக்கு இவரைப் பையில் போட்டுக்கொண்டா போக முடியும்?

ஒத்திகை பார்க்கலாம் என்று விஞ்ஞானி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கேள்வி: நத்தைக்கு மாமியார் உண்டா? எனக்குப் புரையேறிவிட்டது.

ஆகஸ்ட் 17

எழுத்தைக் குறை, குறை என்கிறார் பேராசிரியர். மூன்று பத்தி முடிவுரை ஒற்றை வரியாகிவிட்டது. போஸ்டரின் அடியில் ஒரு பச்சைப் பட்டை, அதில் அந்த வரி. சீமாட்டியின் படத்தை மட்டும் நான் நீக்க விடவில்லை. ஓட்டில் சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி வைத்த நத்தை அவள். ஆய்வுக்கூடத் தோட்டத்தின் மறுகோடியில் கொண்டுபோய் விட்டாலும், ஊர்ந்துபோன பழைய தடத்தையெல்லாம் கழுவிவிட்டாலும், ஒன்றிரண்டு நாளில் தன் தொட்டியடியில் வந்து உட்கார்ந்திருப்பாள். கொஞ்சம் திமிர் பிடித்தவள்.

ஆகஸ்ட் 26

போஸ்டரைத் துணியில் அச்சடித்து வாங்கினேன். மடித்து எடுத்துப் போகலாமே என்றுதான். இவர் கையில் வாங்கியதும் முகம் சுளித்தார். ஓரமெல்லாம் நூல் பிரிந்து நிற்கிறதாம், இதைப் போய் நாலு பேர் முன்னால் மாட்டுவாயா என்று மெஷினில் உட்கார்ந்துவிட்டார். "கீழே பச்சைப் பட்டை இருக்குல்ல, அதை மட்டும்..." என்று ஆரம்பித்தேன். அடுப்பில் பால் பொங்கிவிட்டது, ஓடினேன். "சரி சரி, தெரியும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இஸ்திரி போட்டு, மடித்து, பையிலும் வைத்துக் கொடுத்துவிட்டார். என்ன ஒரு மனுஷன்!

செப்டம்பர் 2

இன்று மாநாடு.

போஸ்டரைப் பலகையில் குத்திவிட்டு, தள்ளி நின்று பார்த்தேன். பச்சைப் பட்டையைக் காணோம். முடிவையே காணோம். அடி ஓரத்தைத் தடவினால் கெட்டியாக இருக்கிறது. மடிச்சு உள்ள விட்டுத் தச்சுட்டாரு மகராசன். 'அதை மட்டும் தொடாதீங்க'ன்னு சொல்ல வந்தேன். 'மடிச்சிடுங்க'ன்னு அவரா முடிச்சுக்கிட்டாரு.

ஃபோன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். சன்னமான குரலில், "துணி ஓரத்துல மில் பேரு போட்டிருக்கும்ல, அதுன்னு நெனச்சேம்மா" என்றார். பிரித்துவிடச் சொன்னார். எங்கே பிரிப்பது? வீட்டுத் துணி என்றால் அவர் போடுவது இரட்டைத் தையல். என் கையில் குண்டூசி மட்டும்தான்.

திரும்பினால் அந்த அம்மா நிற்கிறார், கூடவே பேராசிரியர். மேலிருந்து நிதானமாகப் படித்தார். கீழே வந்ததும் குனிந்து தேடினார்.

"முடிவு எங்கம்மா?"

"மடிப்புக்குள்ள இருக்குங்க. எங்க வீட்டுக்காரர்..."

நின்றுவிட்டேன். அந்த அம்மா காத்திருந்தார். பேராசிரியரும் காத்திருந்தார். முடித்துவைக்க ஆள் இல்லை.

"எங்க வீட்டுக்காரர் தையல்காரர். வெறும் ஓரம்னு நெனச்சுத் தச்சுட்டாருங்க. உள்ள இருக்கிறது இதுதான்: தடத்தைக் கழுவிட்டாலும் நத்தை வீட்டுக்கு வந்துடுது. அதுக்கு வழி காட்டறது தடம் மட்டும் இல்லை."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிக்காமல் கேட்க ஆரம்பித்தார். மழை நாளில்? சொன்னேன். காற்றடித்தால்? காற்று வரும் பக்கம் விட்டால் தாமதமாகிறது, வாசனையாக இருக்கலாம், இன்னும் எனக்குத் தெரியாது என்றேன். சீமாட்டியின் திமிரைப் பற்றியும் சொன்னேன் போலிருக்கிறது. கையிலிருந்த காபி ஆறிப்போயும் அவர் நகரவில்லை.

செப்டம்பர் 3

வீடு வந்தேன். இவர் சின்னக் கத்தரிக்கோலோடு வாசலிலேயே நிற்கிறார், முகம் தொங்கிப்போய். வழியெல்லாம் திட்டுவதற்குச் சேர்த்துவைத்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அக்டோபர் 11

அந்த அம்மாவிடமிருந்து தகவல் இல்லை. சீமாட்டி இன்று சாப்பிடவில்லை. நானும்தான்.

ஜனவரி 5

அந்த அம்மாவின் கூடத்தில் சேர்ந்துவிட்டேன். பழைய தோட்டம் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். சீமாட்டி கிளம்பிப் போய்விடுவாளோ என்று பயந்தேன். நேற்றிலிருந்து புதுத் தொட்டியடியில் ஓட்டுக்குள் சுருண்டு தூங்குகிறாள்.

போஸ்டரை என் மேஜைக்கு மேலே மாட்ட இவரே வந்தார். மாட்டிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தார். "கீழே பிரிச்சு விட்டுடட்டுமா?"

"வேண்டாங்க. அது..." என்றேன்.

வழக்கமாகப் பாதியில் புகுந்துவிடுகிற மனுஷன், கத்தரிக்கோலைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது அப்படியே இருக்கட்டும். கேக்கிறவங்களுக்கு நானே சொல்லிக்கிறேன்."