சுவருக்கு அந்தப் பக்கம் அடித்த பேஸ்

ஜூன் 14, சனி

இத்தால் சகலருக்கும் அறியத் தருவதாவது: மாத்தளை மாவட்டம், ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், கீழ் லயத்து வரிசை வீடுகளில் நான்காவதில் வசிக்கும் கணபதி குடும்பத்தாரின் பழைய ஸ்டீரியோ செட்டுக்கு இன்று பிற்பகல் மூன்று மணியளவில் ஒரு சப்வூபர் பிறந்துள்ளது. நிறை ஒன்பது கிலோ. மூத்த ஸ்பீக்கர்கள் இருவரும் தம்பியை அன்புடன் ஏற்றுக்கொண்டார்கள்.

பிரசவம் நடந்தது டவுனில், ஒரு ரிப்பேர் கடையின் பின்பக்கத்தில். பொக்ஸின் ஒரு மூலையைப் பூனை பிறாண்டியிருந்தது. அதனால்தான் விலை என் கைக்கு எட்டியது. லீவில் மிளகு பறித்த காசெல்லாம் அந்தப் பூனைக்குச் சமர்ப்பணம்.

பஸ்ஸில் கண்டக்டர் சொன்னார்: "மடியில வச்சா பிள்ளை, டிக்கெட் வேணாம். கீழ வச்சா சாமான், டிக்கெட் வேணும்." மடியிலேயே வைத்து வந்தேன். கால் இன்னும் மரத்துப் போய்த்தான் இருக்கிறது.

செட்டின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஜோடி ஓட்டைகள். ஒரு ஜோடியில் ஒயரைச் சொருகினேன். சப்வூபரில் சிவப்பு லைட் எரிந்தது. செட்டின் பேஸ் திருகியையும் கடைசிவரை திருப்பிவிட்டுப் பாட்டைப் போட்டேன். கூரைத் தகரம் 'கிர்ர்' என்றது. இத்தனை நாள் சப்பென்று இருந்த பாட்டு. இனி இந்த வீட்டில் பேஸ்தான் பேசும்.

அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்பதான்டா பாட்டு பாட்டா இருக்கு" என்றார். அம்மாவுக்கு வயிற்றுக்குள் என்னவோ பண்ணியதாம். சுதர்சினி அக்கா மட்டும், "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல" என்றாள். அவளுக்குக் காது கம்மல் மாட்ட மட்டும்தான்.

ஜூன் 16, திங்கள்

வகுப்பில் அறிவித்துவிட்டேன். அகீல் நம்பவில்லை. டவுனில் அவன் வாப்பாவுக்கு ஹாட்வெயார் கடை, வீட்டில் பெரிய ஹோம் தியேட்டர். அந்தத் திமிர்.

"சும்மா கதை உடாத மச்சான். ஒன்ட பொக்ஸ் எத்தன இஞ்சி அகலம்?"

"இஞ்சியா முக்கியம்? மேசையில ஒரு கிளாஸ் தண்ணி வை. தண்ணி ஆடும்."

இருபத்தொன்பதாம் திகதி, ஞாயிறு, நான்கு பேருடன் பார்க்க வருகிறான். தண்ணீர் ஆடுமா? ஆடும். ஆடித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் சான்றிதழ் கிடைத்தது!

பக்கத்து வீடு அழகமுத்து மாமாவுடையது. எங்களுக்கும் அவருக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரைவரை போவதே இல்லை. நாங்கள் மீன் பொரித்தால் அங்கே இரண்டு கை சோறு கூட இறங்கும். அவர் தும்மினால் அம்மா இங்கிருந்தே "நூறு" என்பார். இந்த லயத்தில் எது கேட்டாலும் அது பக்கத்து வீட்டுச் சத்தம். அதுதான் சட்டம்.

மாமா தேயிலை பெக்டரியில் விடியற்காலை வேலைக்குப் போய்ப் பகலில் வந்து படுப்பார். இன்று வாசலில் என்னைப் பிடித்தார்.

"டேய் சசி, ஒன் பொட்டி என் நெஞ்சுல வந்து அடிக்குதுடா. டும்டும்னு."

"அதுதான் மாமா பேஸ். நல்ல பேஸ் காதுல கேக்காது. நெஞ்சுலதான் கேக்கும்."

"கொஞ்சம் கொறச்சு வைடா."

குறைப்பதாவது. ஒரு காட்போட் மட்டையில் எழுதிக் கதவில் தொங்கவிட்டேன்: 'இதயம் பலவீனமானவர்கள் உள்ளே வர வேண்டாம். இப்படிக்கு, நிர்வாகம்.'

ஜூன் 20, வெள்ளி

மாமா இன்றும் வந்தார். "பாட்ட நிப்பாட்டின பொறகும் அடிக்குதேடா?"

ஒரு நொடிதான் யோசித்தேன். "பேஸ் சுவத்துக்குள்ள ஏறிக்கும் மாமா. எறங்க ஒரு மணித்தியாலம் ஆகும்."

தலையாட்டிக்கொண்டு போனார். என் அறிவைக் கண்டு எனக்கே மரியாதை வந்தது.

மாமாவின் மனைவி நல்லம்மா அத்தை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிட்டு வாங்கன்னா, பக்கத்து வீட்டுப் பொட்டி அடிக்கிறதுக்கு நான் எதுக்கு டொக்டர்கிட்ட போகணும்னு கேக்குறாரு."

நியாயமான கேள்வி.

ஜூன் 23, திங்கள்

மாமா அப்பாவிடம் முறையிட்டுவிட்டார். தீர்ப்பு: பாட்டு நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை மட்டும்.

பெக்டரியிலிருந்து வரும் ஏற்றத்தில் மாமா மூன்று இடத்தில் உட்கார்ந்து வந்ததை இன்று பார்த்தேன். சரியான தூக்கம் இல்லையாம். எல்லாம் என் பொக்ஸின் சக்தி.

(எழுதும்போது பெருமையாக இருந்தது. வாசித்தால் அவ்வளவு பெருமையாக இல்லை.)

ஜூன் 26, வியாழன்

எங்கே தொடங்குவது?

நாலரை மணி. பாட்டு ஓடுகிறது. அக்கா கடைக்கு உடுத்திப்போகும் சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டு இருந்தாள். ரத்தோட்டையில் துணிக்கடையில் வேலை அவளுக்கு. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இந்த எடத்தக் கேளுக்கா. எப்படி இடிக்குதுன்னு கேளு."

அவள் அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டு, கீழே கிடந்த ஒரு ப்ளக்கை எடுத்துக் காட்டினாள். சப்வூபரின் ப்ளக். "அயர்னுக்கு பொயின்ட் இல்லன்னு முந்தியே கழட்டிட்டேன்டா."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

அவள் போனபின் மாட்டினேன், கழற்றினேன், மாட்டினேன். பாட்டில் ஒரு மயிரளவு வித்தியாசமும் இல்லை. சப்வூபரின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சிவப்பு லைட் எரிகிறது, உள்ளே அசைவே இல்லை. பன்னிரண்டு நாளாக இது ஒரு வார்த்தை பேசவில்லை. தகரம் ஆடியது பழைய ஸ்பீக்கர்களால். நான் திருப்பிவிட்ட திருகியால்.

அப்படியென்றால் மாமாவின் நெஞ்சில் அடிப்பது என்ன?

எல்லாவற்றையும் நிறுத்தினேன். மெயின் சுவிட்சையும் போய் நிறுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு மணித்தியாலம் கழித்து — என் சட்டப்படியே ஒரு மணித்தியாலம் — சுவரில் தட்டினேன்.

"மாமா, இப்ப அடிக்குதா?"

"அடிக்குதுடா. நேத்தைய விடக் கூட. நிப்பாட்டேன், ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

ஜூன் 27, வெள்ளி

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் பொக்ஸ் ஊமை என்று லயம் முழுக்கத் தெரியும். லயத்துக்குத் தெரிந்தால் வகுப்புக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து போகட்டும், திங்கள் சொல்லலாம். மூன்று நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

என்ன ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன டொக்டரா? டொக்டர் மாதிரிதானே பேசினே. சுவத்துக்குள்ள ஏறிக்குமாம். எறங்குமாம். வாய்.

கதவில் தொங்கிய மட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டேன்.

ஜூன் 28, சனி

காலையில் பீலிக்கரை. தண்ணீருக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் குடத்தோடு வரிசையில். அத்தையைத் தனியாகக் கூப்பிட்டேன். "கொடம் நெறையுது, இங்கயே சொல்லு" என்றார். சொன்னேன்.

"அத்தை, மாமா நெஞ்சுல அடிக்கிறது என் பொட்டி இல்ல."

"பின்ன யாரு பொட்டி?"

"யாரு பொட்டியும் இல்ல. என் பொட்டி வந்த நாள்லேருந்து வேலையே செய்யல. சும்மா லைட் மட்டும்தான் எரியுது."

வரிசையில் ஒரு அக்கா சிரித்தாள். பிறகு எல்லாரும். "அப்ப இத்தன நாளா ஒன் அப்பா தலையாட்டினது லைட்டுக்கா?" வரிசையில் நின்ற அம்மா என் காதைப் பிடித்துத் திருகினார். அங்கேதான் உண்மையான பேஸ் கேட்டது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. குடம் நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

அப்பா த்ரீவீலர் பிடித்து மாமாவை டவுனுக்குக் கொண்டுபோனார். போகும்போதும் மாமா என்னைப் பார்த்து, "மறுபடி போட்டியாடா?" என்றார்.

மத்தியானம் அப்பாவிடமிருந்து போன். மாமாவின் இதயம் தாளம் தப்பி அடிக்கிறதாம். பிரஷரும் கூட. வார்டில் வைத்துக்கொண்டார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

வராதே என்று அகீலுக்குச் சொல்ல மறந்தே போனேன். ஐந்து பேரும் வந்து நின்றார்கள். உண்மையைச் சொன்னேன். தரையில் உருண்டு சிரித்தார்கள்.

அகீல் செட்டின் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தான். "டேய், சத்தம் உள்ளுக்குப் போற ஓட்டையில சொருகி வச்சீக்கிறாய். வெளிய வார ஓட்ட இது."

ஒயரை மாற்றினான். சப்வூபர் வாயைத் திறந்தது. மெல்லத்தான், ஆனால் இந்த முறை உள்ளங்கைக்குத் தெரிந்தது. மேசையில் கிளாஸை வைத்தோம். தண்ணீர் ஆடியது. ஐந்து பேர் சாட்சி.

அகீலே "சரி மச்சான், ஏத்துக்குறேன்" என்றான். வரலாறு.

ஜூலை 3, வியாழன்

மாமா வந்துவிட்டார், ஒரு பை மருந்துக் குளிசையுடன்.

அம்மா லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்: "எங்க சசி மட்டும் சொல்லலேன்னா." நானும் இந்தப் பக்கத்தின் மேலே 'இத்தால் சகலருக்கும் அறியத் தருவதாவது: உயிர் காத்த' என்று எழுதினேன். பிறகு வெட்டிவிட்டேன்.

மாமாவிடம் போனேன். "மாமா, நான் பேஸுன்னு சொல்லலேன்னா நீங்க முன்னாடியே டொக்டர்கிட்ட போயிருப்பீங்க."

"போயிருக்க மாட்டேன்டா. எனக்கு ஊசின்னா பயம். நீ பொட்டின்னு சொன்னது எனக்கும் வசதியாத்தான் இருந்திச்சு. ஒன் அத்தைகிட்ட சொல்லிராத." பிறகு சுவரைக் காட்டி, "இப்ப வேலை செய்யுதாமே. போடு பாப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்து கால்வாசிச் சத்தத்தில் போட்டேன். அந்தப் பக்கம் சுவரில் கையை வைத்துக் கேட்டிருக்கிறார். பாட்டு முடிந்ததும் குரல் வந்தது.

"இவ்வளவுதானாடா? முந்தி அடிச்சது இத விடப் பெருசு."

உண்மைதான். இன்னொரு உண்மையும் இருக்கிறது. அகீலுக்குத் தெரியாது, இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஆடியபோது, மேசைக்கு அடியில் என் முழங்கால் இருந்தது.