கூட்டம் போவட்டும்

அடி அண்ணாமலை
14.06.2025

அன்புள்ள கீதாவுக்கு,

இளவரசன் எழுதுகிறேன். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி. மற்றபடி குறை ஒன்றுமில்லை. நீ வீட்டை விட்டுப் போய், போன் நம்பரையும் மாற்றி மூன்று வருடம் ஆகிறது. உன் கார்ட்டூன் தொடரின் முடிவில் ஓடும் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கம்பெனியின் பெயரைக் கண்டுபிடித்தேன். அந்த விலாசத்துக்குத்தான் இதை அனுப்புகிறேன். தவறாக நினைக்காதே.

‘சாம்பார் குடும்பம்’. கதை: கீதாஞ்சலி. அந்த எழுத்தைப் பார்த்த அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கிரிவலப் பாதையில் ஆறு மேசை போட்ட ஒரு டிபன் கடை, அதை நடத்துகிற ஒரு குடும்பம் என்றதும் அது நம் கடைதான் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. சின்னசாமி அண்ணன் கல்லில் தோசையைப் போட்டுவிட்டு போனில் அதைப் பார்த்து இரண்டு தோசையைக் கருக்கிவிட்டார். வடையை எண்ணி எண்ணி வைக்கும் மாமியாரைப் பார்த்து அம்மா, “நான் என்னிக்குடா எண்ணினேன்?” என்று கேட்டார். அன்று சாயங்காலமும் எண்ணினார். ஆனால் அந்த வீட்டின் சின்னப் பெண் கல்லா மேல் ஏறி உட்காரும் காட்சி வரும்போது மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

நான் எழுத வந்தது வேறு. அதில் வரும் புருஷன், அந்தக் குண்டு வேலு, எதற்கெடுத்தாலும் “கூட்டம் போவட்டும்” என்கிறான். கூரை ஒழுகினாலும் அதே. அவன் அம்மா வழுக்கி விழுந்தாலும் அதே. பெண்டாட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தாலும் அதே. இப்போது பௌர்ணமிக்கு வருகிற காலேஜ் பையன்கள் வாசலிலேயே அதைக் கத்திக்கொண்டு வருகிறார்கள். சட்னி கேட்டுவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே பதிலும் சொல்லிச் சிரிக்கிறார்கள். போன வாரம் ஒருவன் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்து என்னோடு நின்று படம் எடுத்தான். நானும் சிரித்தபடி நின்றேன்.

கீதா, அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிவிடு. என்னை இன்னும் குண்டாகப் போடு, முட்டாளாகப் போடு. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு
இளவரசன்

சென்னை, வளசரவாக்கம்
02.07.2025

அன்புள்ளவருக்கு,

கீதாஞ்சலி எழுதுவது. உங்கள் கடிதம் ஆபீஸில் என் மேசையில் கிடந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிரிக்க இரண்டு நாளானது. அத்தை முட்டிக்குச் சூடு ஒத்தடம் கொடுக்கிறார்களா? தைலத்தை மட்டும் தடவிக்கொண்டு ஒத்தடத்தை விட்டுவிடுவார்கள். நீங்கள்தான் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும்.

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று சொல்கிறேன். எழுதுகிற அறையில் நாங்கள் ஏழு பேர். வேலு அடிக்கடி சொல்வதற்கு ஒரு வாசகம் வேண்டும் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தோம். நான் யோசிக்காமலே சொல்லிவிட்டேன். ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த வார்த்தைக்குச் சிரிக்கக்கூட முடிகிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது அதைப் பலகையில் எழுதிவைத்திருந்தார்கள்.

உங்களைக் குத்திக்காட்ட எழுதியதில்லை. அந்தச் சித்திரா பௌர்ணமியன்று எனக்கு ஏழாம் மாதம். சரக்கு அறையில் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, ரத்தம் படுகிறது என்று உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனீர்கள். ஆனால் வேறு என்ன செய்திருக்க முடியும்? கொரோனாவால் இரண்டு வருடம் யாரும் நடக்காத பாதையில் அன்று மலையைச் சுற்றி மனிதத்தலைதான். வண்டி நுழைய வழியே இல்லை என்று ஆஸ்பத்திரியில் நீங்கள் அழுதபடி சொன்னீர்கள். அப்பாவும் நம்பினார், நானும் நம்பினேன். குழந்தை போனதற்குக் கூட்டத்தைத்தான் திட்டினேன், உங்களை இல்லை. வீட்டை விட்டு வந்ததும் கோபத்தில் இல்லை. அந்தச் சரக்கு அறையைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போகவேண்டும். அதுதான் முடியவில்லை.

கல்லா மேல் உட்காரும் பெண்ணுக்கு மூன்று வயது. ஏன் என்று அத்தைக்குப் புரிந்திருக்கிறது.

இரண்டாம் பாகம் எழுத ஆரம்பித்துவிட்டோம். வரைகிறவர்கள் ஒரு நிஜ ஓட்டலை நேரில் பார்க்கவேண்டும் என்கிறார்கள். அவர்களோடு நானும் வரலாமா? வேண்டாம் என்றால் தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்
கீதாஞ்சலி

அடி அண்ணாமலை
09.07.2025

அன்புள்ள கீதாவுக்கு,

வரலாமா என்று கேட்கிறாயே, இது உன் வீடு. அம்மாவிடம் சொன்னேன். “அவளுக்குக் காரச் சட்னி ஆவாது, தனியா அரைக்கணும்” என்றார். மறுநாளே பரண் மேலிருந்த உன் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். ஒத்தடம் இப்போது தினமும் நான்தான் கொடுக்கிறேன்.

சரக்கு அறையை மாற்றிவிட்டேன். மூட்டைகளை எல்லாம் பின்பக்கம் புதிதாகப் போட்ட ஷெட்டுக்குக் கொண்டுபோயாயிற்று. மேசைப் பக்கத்துக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த சுவரை இடித்து நேராக வழி வைத்திருக்கிறேன். நீ அந்த இடத்தைத் தாண்டவேண்டியதே இல்லை. சுவர் என்று ஒன்று இருந்ததே தெரியாது. கொத்தனார் சிரித்தார், நல்ல சுவரை யாராவது இடிப்பார்களா என்று.

எத்தனை பேர், எந்தத் தேதி என்று எழுது. பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள்.

உன்
இளவரசன்

சென்னை
21.07.2025

அன்புள்ளவருக்கு,

‘உன்’ என்று எழுதியிருந்தீர்கள். அதை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

ஆகஸ்ட் இருபத்து மூன்று, சனிக்கிழமை வருகிறோம். வரைகிறவர்கள் இரண்டு பேர், வினோதினி, மாறன் என்று பெயர். அவர்கள் ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார்கள். நான் இன்னும் சில நாள் இருந்துவிட்டு வருவதாக ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். அத்தையிடம் இதை இப்போதே சொல்லவேண்டாம். வந்து நானே சொல்கிறேன்.

இன்னொரு விஷயம். நீங்கள் கேட்டபடி அந்த வார்த்தையை எடுக்க முடியவில்லை, ஜனங்களுக்கு அது பழகிவிட்டது. ஆனால் வேறு ஒன்று செய்திருக்கிறேன். இரண்டாம் பாகத்தின் முதல் கதையில் சித்திரா பௌர்ணமி வருகிறது. ஆறு மேசையும் நிறைந்திருக்கிறது, வாசலில் வரிசை நிற்கிறது. வேலுவின் பெண்டாட்டிக்கு வலி வருகிறது. எல்லோரும் அவன் வாயையே பார்க்கிறார்கள், இப்போதும் அதைத்தான் சொல்லப்போகிறான் என்று. அவன் கரண்டியைப் போடுகிறான். “கூட்டம் கெடக்கட்டும்” என்று சொல்லி அவளைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான். மலையைச் சுற்றுகிற அத்தனை பேரும் விலகி வழிவிடுகிறார்கள்.

அன்று உங்களால் முடியாமல் போனதை அவன் செய்யட்டும் என்றுதான் எழுதினேன். வழி மட்டும் இருந்திருந்தால் நீங்களும் இப்படித்தான் செய்திருப்பீர்கள். அது எனக்குத் தெரியும். படித்துக் காட்டியபோது அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

அன்புடன்
உங்கள் கீதா

அடி அண்ணாமலை
02.08.2025

கீதா,

பத்து நாளாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். எழுதாமலே விட்டால் நீ இருபத்து மூன்றாம் தேதி வந்துவிடுவாய். அம்மா இப்போதே உனக்காக வடாம் காயவைக்கிறார். எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நீ எழுதிய அந்தக் கதை என்னைத் தூங்கவிடவில்லை.

வழி இருந்தது.

ஆதி அருணாசலேஸ்வரர் கோவில் பக்கத்தில் அன்று மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். ஆம்புலன்ஸ் அங்கேதான் நின்றது. நம் கடையிலிருந்து ஐம்பது அடி நடந்தால் போதும். அதற்கென்று கயிறு கட்டி ஒரு பக்கம் வழி விட்டிருந்தார்கள். அதன் டிரைவர் சாயங்காலம் ஐந்தரைக்கு நம் கடைக்கு வந்தார். முகாமில் இருப்பவர்களுக்கு ஆறு காபி கேட்டார். நானே தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தேன். “சும்மாதான் நிக்கறோம் சார், யாருக்காவது எதாவதுன்னா ஒரு குரல் குடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ என்னைக் கூப்பிட்டு அப்போது கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

எனக்குக் கேட்டது, புரிந்தது. இரண்டு வருடம் அடுப்பு எரியாத கடைக்கு அன்றுதான் ஆள் வந்தது. தலைப்பிள்ளைக்கு இப்படித்தான் ஏதாவது இருக்கும், இந்தப் பந்தி முடியட்டும், அடுத்த பந்தி முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு ரத்தம் என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டேன். ஒன்பது மணிக்கு அம்மாதான் உன்னைப் பார்த்துவிட்டுக் கத்தினார். நான் முகாமுக்கு ஓடினேன். அதற்குள் அந்த வண்டி வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அதனால்தான் பின்பக்கம் வயல் வழியாக உன்னை ஆட்டோவில் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் உன் அப்பா கேட்டதும், வண்டி நுழைய வழியில்லை என்ற பேச்சு வாயில் வந்துவிட்டது. பிறகு எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். டிரைவர் வந்துபோனதைப் பார்த்தது சின்னசாமி அண்ணன் மட்டும்தான். அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

வேலுவை நல்லவனாக எழுதாதே, கீதா. அதை என்னால் பார்க்க முடியாது.

இளவரசன்

சென்னை
30.08.2025

திரு. இளவரசன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இருபத்து மூன்றாம் தேதி வினோதினியும் மாறனும் வேறு ஊரில் வேறு ஓட்டலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அத்தையிடம் நான் வரவில்லை என்று மட்டும் சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காரணத்தையும் சொல்லுங்கள். நான் திமிரால் வரவில்லை என்று அவர்கள் நினைக்கக்கூடாது.

ஒரு வருடமாக அந்த வார்த்தையைச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்திருக்கிறேன். எழுதுகிற வேலையை விட்டுவிட்டேன். என் இடத்துக்கு வேறு ஒருவர் வந்துவிட்டார். ஆனால் முதல் கதையை நிறுத்த முடியவில்லை. குரல் பதிவு முடிந்துவிட்டது, வரையவும் ஆரம்பித்துவிட்டார்கள். பொங்கலுக்கு வரும். இந்தத் தடவை உங்களைக் கேலி செய்யமாட்டார்கள், கைகொடுத்துப் பாராட்டுவார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விவாகரத்துக்கு வக்கீல் எழுதுவார். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டும். அன்று எனக்கு நினைவு வருவதற்குள் குழந்தையைக் கொண்டுபோய்விட்டீர்கள். நான் முகம் பார்க்கவில்லை. எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று நான் கேட்டதும் இல்லை. இப்போது கேட்கிறேன். இடத்தை மட்டும் எழுதுங்கள், வேறு எதுவும் எழுதவேண்டாம்.

கீதாஞ்சலி

அடி அண்ணாமலை
11.10.2025

கீதாஞ்சலிக்கு,

இடத்தை மட்டும் எழுதச் சொன்னாய். அதை எழுதுவதற்கு வேறு சிலதும் சொல்லவேண்டியிருக்கிறது. அதனால்தான் இத்தனை நாள் ஆனது. மன்னித்துக்கொள்.

எனக்கு அந்த இடம் தெரியாது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பௌர்ணமிக் கூட்டம் இன்னும் குறையவில்லை, கடையைத் திறந்துபோட்டு வந்திருந்தோம். சின்னசாமி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு நான் கடைக்குப் போய்விட்டேன். பிறகு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உன் கடிதம் வந்து ஒரு மாதம் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டேன். அடுப்பை அணைத்துவிட்டு, “வா” என்று அழைத்துப்போனார்.

வேங்கிக்கால் ஏரிக்கரை. பஸ் நிறுத்தத்திலிருந்து கரை மேல் ஏறி மேற்கே நடந்தால் ஒரு பனை தனியாக நிற்கும். அந்த இடத்தில் கரையை விட்டுக் கீழே இறங்கினால் இருபது அடியில் ஒரு பாறை. பாறைக்கும் புங்கமரத்துக்கும் நடுவில். மூன்று கல் அடுக்கியிருக்கிறது. அவர் அடுக்கியதுதான்.

“தெக்க தலை வெச்சேன். மொகம் உங்க அம்மா மாதிரி. வருஷா வருஷம் சித்திரை பௌர்ணமிக்குக் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி இங்க பால் ஊத்திட்டுத்தான் வரேன்” என்றார். அன்றைக்கு அவர் தாமதமாக வருகிறார் என்று மூன்று வருடமும் நான் அவரைத் திட்டியிருக்கிறேன்.

அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தன் ஒத்தடத்தைத் தானே கொடுத்துக்கொள்கிறார். வக்கீல் அனுப்பிய தாள்களில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ எந்த நாள் வந்தாலும் சின்னசாமி அண்ணன் பஸ் நிறுத்தத்தில் நிற்பார். அவர் நம்பர் பழைய நம்பர்தான். நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். மழை பெய்து கரை வழுக்குகிறது, காலை வெயில் ஏறிய பிறகு போ. கீழே முள் ஜாஸ்தி. கெட்டிச் செருப்பாகப் போட்டுக்கொண்டு வா.

இளவரசன்