ஒரு ஜெனரேட்டர் போதும்

புள்ளைகள்ற உம்மாவுக்கு, ஸலாம்.

உன்ட கூடப்பொறந்த காக்கா வெள்ளிக்கிழமை கல்முனைக்கு வந்து சேருவார். ஏன் வந்த எண்டு கேக்காத. சோத்தக் குடு, படுக்கட்டும்.

எங்கட கப்பல்ல கரண்டுக்கு ரெண்டு ஜெனரேட்டர் பாதி லோட்ல ஓடி எண்ணெயக் குடிச்சிக்கிட்டிருந்திச்சு. ஒண்ட நிப்பாட்டி மத்தத முழு லோட்ல ஓட்டினா ஒரு நாளைக்கு முந்நூறு லீற்றர் மிச்சம் எண்டு நான்தான் கொம்பனிக்கு எழுதினேன். பாராட்டினானுகள். பிறகு, ஒரு ஜெனரேட்டருக்கு ஒரு ஆள் போதும் எண்டு காக்காவ வேலையால நிப்பாட்டிட்டானுகள்.

என்னைக் கப்பலுக்குக் கூட்டி வந்தவரே அவர்தான். இறங்கக்குள்ள என்ட கையைப் பிடிச்சி, "கணக்குச் சரிதான் மச்சான்" எண்டார்.

சரியாத்தானே இருக்கும். பத்து நாளா மீட்டர் பாத்து எனக்கு எழுதித் தந்தவரும் அவர்தான்.

களைச்சிப்போய்,
புள்ளைகள்ற வாப்பா