நாற்பத்தொரு தோட்டாவும் ஒட்டாத லேபிளும்

அன்புள்ள ரமணன் அண்ணைக்கு,

இன்று ஒக்ரோபர் பதினெட்டு, சனிக்கிழமை, காலை பத்தேகால். மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டு பேஸ்மன்ற்றில், நீங்கள் தோட்டா நிரப்பும் மேசையில் இருந்து எழுதுகிறேன். பெட்டிக்குள் நாற்பத்தொரு தோட்டா. பெட்டியில் லேபிள் இல்லை.

ஏன் அண்ணை ஒட்டவில்லை? என்ன வெடிமருந்து, எவ்வளவு, எந்தத் திகதி. மூன்று வரி எழுத எவ்வளவு நேரம் போகும்? கேட்டால் "எனக்குத் தெரியும்தானே" என்பீர்கள். தெரிந்த நீங்களோ வைகாசியில் காருக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டீர்கள். அலமாரியில் இரண்டு விதமான மருந்து பூட்டிக் கிடக்கிறது. இதற்குள் இருப்பது எது?

உங்கள் நூறு வயது வேட்டைத் துவக்குக்குக் கடையில் தோட்டா இல்லை. வேறு தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை வெட்டி, உருமாற்றி, நீங்களே நிரப்பினீர்கள்.

உங்களோடு வேட்டைக்கு வரும் கண்ணன் அண்ணை போன கிழமை வந்தார். நவம்பர் மான் வேட்டையில், உங்கள் துவக்கால், உங்கள் நினைவாக ஒரு வெடி வைக்க வேண்டுமாம்.

"பத்தே பத்து தாடா தம்பி."

"உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு தெரியாது அண்ணை. மருந்து கூடியிருந்தா துவக்கு உங்கடை முகத்திலை வெடிக்கும்."

"ரமணன் செய்தது பிழைக்குமோ? உவர் பெரிய இஞ்சினியர், எனக்குச் சொல்ல வந்திட்டார்!"

படியில் நின்ற அம்மா குறுக்கிட்டார்: "ஒருத்தருக்கும் குடுக்காதை. உடைக்கவும் வேண்டாம். அவன்ரை கைபட்டதெண்டு உதுதான் மிச்சம்."

ஊரில் ஆமி வீடு வீடாய்ச் சோதித்த காலத்தில் முற்றத்தில் கிடந்த ஒரு வெற்றுக் கோதைக்கூடக் கிணற்றுக்குள் எறிந்த அம்மா. நீங்கள் துவக்கு வாங்கியபோது உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்காத அதே அம்மா.

சுடவும் ஏலாது, கொடுக்கவும் ஏலாது, உடைக்கவும் ஏலாது. குப்பையில் போடவும் ஏலாது. நான் என்ன செய்ய?

படித்த புத்தியில் எல்லாவற்றையும் மின்தராசில் நிறுத்துப் பார்த்தேன். மருந்து கூடியது பாரமாகக் காட்டும் என்று நினைத்தேன். முழு விசர்த்தனம். நீங்கள் எடுத்த கோதுகள் நாலைந்து கம்பனிகளின் பித்தளை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாரம். மருந்தின் வித்தியாசம் அதற்குள்ளேயே மறைந்துவிடுகிறது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நான் முதன்முதல் நிரப்பிய ஐந்து தோட்டாவையும் என் கண்முன்னே தட்டிக் கழற்றிக் கொட்டினீர்கள். "மற்றவன் நிரப்பினதை நான் சுடமாட்டன். என்ரை தம்பி எண்டாலும்." என்னை நம்பவில்லையே என்று எவ்வளவு கோபப்பட்டேன்!

தோட்டாவின் முனையில் இருக்கும் சன்னத்தைத் தட்டிக் கழற்றும் அதே சுத்தியல் இப்போது என் கையில். உங்களை நம்பாமல் இருக்க எப்படி அண்ணை பழகுவது?

இனிச் செய்யப்போவது:

1. மேலே போய் முதலில் அம்மாவிடம் சொல்வேன். கத்தட்டும்.
2. கண்ணன் அண்ணைக்கு "இல்லை" என்பேன். காரணம் ஒருதரம்தான் சொல்வேன்.
3. பாதுகாப்புக் கண்ணாடி போட்டு நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். கொட்டும் மருந்தை ஊகித்துத் திரும்பப் பாவிக்கமாட்டேன்.
4. மருந்தும் அதை மூட்டும் பிறைமரும் இல்லாத ஒரு கோதை அம்மாவின் கையில் வைப்பேன்.
5. மிச்சக் கோதுகளைச் சோதித்து, புத்தகத்தில் அச்சிட்ட மருந்தளவுப்படி, குறைந்ததில் தொடங்கி நானே நிரப்புவேன். பெட்டியை மூடமுன் லேபிள் ஒட்டுவேன். இது சத்தியம்.

நீங்கள் சுட மறுத்த ஐந்தையும் நிரப்பிய தம்பி,
சேந்தன்