உறவு: ஊர்க்காரர்

நைனா,

பாச்சை உருண்டை வாசனை கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று, எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாயிற்று. சோற்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனால் முதலில் அந்த வாசனைதான் வருகிறது. ஒரு மாதமாகப் பழைய ரிஜிஸ்டர்களைப் புரட்டுகிற கை இது. எல்லாம் பெருவியாதி ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்கள், இப்போது தொழுநோய் ஆஸ்பத்திரி என்கிறார்கள். அது எங்கே இருக்கிறது, எந்தச் சவுக்குத் தோப்போரம் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும் என்பதெல்லாம் உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நீ போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் நான் பதிவு ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆனேன். ஆயுசு முழுக்கப் பத்திரம் பார்த்த கண் வீட்டில் சும்மா இருக்குமா? சிறுசேரியில் ஒரு கம்பெனி அந்த ஆஸ்பத்திரியின் பழைய காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறது. பழைய கையெழுத்து வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று தேடினார்கள், நான் போய் ஒட்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலேயே ஓர் அறையில் நான் வாசிக்க வாசிக்க, பக்கத்தில் நூர்ஜஹான் என்று ஒரு கோவளத்துக்காரி தட்டுவாள். நாற்பது வயசு, கணீரென்று பேசுவாள், மதியம் மீன் குழம்பில் பாதியை என் தட்டில் ஊற்றாமல் சாப்பிட மாட்டாள்.

முதல் இரண்டு வாரம் நிர்வாகக் காகிதங்கள். எந்த வார்டில் எத்தனை கட்டில், தறிக்கூடத்துக்கு எவ்வளவு நூல் வந்தது, கிணற்றில் மோட்டார் எப்போது கெட்டது. அதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. அப்புறம் பார்க்க வந்தவர்கள் ரிஜிஸ்டரை எடுத்தோம். தேதி, வந்தவர் பெயர், ஊர், நோயாளியின் நம்பர், உறவு, கையெழுத்து. ஒரு பக்கத்தை முழுசாகப் படித்து முடிக்கவில்லை, நைனா, கையெழுத்தில் கண் போய் நின்றுவிட்டது. பெயருக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. என் ரேங்க் கார்டில் பத்து வருஷம் பார்த்த கையெழுத்து. ஊர் என்ற இடத்தில் நம்முடைய ஊர் இல்லை, வேறு எதையோ எழுதியிருந்தாய். உறவு என்ற இடத்தில் 'ஊர்க்காரர்'.

அடுத்த மாதமும் 'ஊர்க்காரர்'. அதற்கடுத்த மாதமும். ஒரு ரிஜிஸ்டர் முடிந்து இன்னொன்று, அது முடிந்து இன்னொன்று. ஒரே நோயாளி நம்பர்.

"இன்னாக்கா, அப்டியே ஒக்காந்துகினு கீறே? தல சுத்துதா?" என்றாள் நூர்ஜஹான்.

"ஒண்ணுமில்ல. அந்த நம்பர் ஃபைல எடு" என்றேன்.

எடுத்தாள். பெயர், கன்னியம்மா, என் அம்மாவின் பெயர். வயது இருபத்தாறு. பிள்ளைகள், 'இல்லை'.

எனக்கு அப்போது ஐந்து வயசு. அம்மாவைச் சித்தூர் பக்கம் அவள் தாய் வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கூட்டிப்போனாய். ஒரு மாதம் கழித்து, விஷக் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள், அங்கேயே எடுத்துவிட்டார்கள் என்று வந்து சொன்னாய். உன் அக்கா, என்னை வளர்த்த அத்தை, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வருஷா வருஷம் ஆடி மாசம் புதுப்புடவை வைத்துப் படையல் போட்டோம். கொஞ்சம் வளர்ந்ததும் வடை தட்டினதெல்லாம் நான்தான். "உங்கம்மாவுக்கு மொறுமொறுன்னு இருந்தாதான் புடிக்கும்" என்று நீ பக்கத்தில் நின்று சொல்வாய். அந்த நேரத்தில் அவள் இரண்டு பஸ் மாறினால் வருகிற இடத்தில் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறவளுக்குப் படையல் போட வைக்க உனக்கு எப்படி மனசு வந்தது? அந்த வடையை நீ தின்றாயே, அது எப்படித் தொண்டையில் இறங்கியது?

ரிஜிஸ்டரில் இருந்த தேதிகளைப் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தனையும் கிருத்திகை. மாசம் தவறாமல் ரைஸ் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு நீ திருப்போரூருக்கு முருகனைப் பார்க்கப் போன கிருத்திகை. நானும் வருகிறேன் என்று அழுதிருக்கிறேன், தெருவில் புரண்டிருக்கிறேன். "வாணாம்மா, கூட்டம் நெரியும், நீ நசுங்கிப் பூடுவே" என்பாய். ஒரு தடவை உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிவந்தேன். கண்டக்டர்தான் என்னைத் தூக்கி இறக்கிவிட்டார். நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலம் நீ வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பேன். என்னைத் தொட மாட்டாய். நேராகப் பின்கட்டுக்குப் போய்த் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு தலைக்கு ஊற்றிக்கொள்வாய். கட்டியிருந்த வேட்டி சட்டையை நீயே அலசிப் போடுவாய். அத்தை கத்துவாள்: "ஏண்டா, கோயிலுக்குப் போய்ட்டு வந்து எவனாச்சும் தலைக்கு ஊத்திக்குவானா? எழவு வூட்டுக்குப் போய்ட்டு வந்தவன் மாதிரி!" நீ தலையைத் துவட்டிக்கொண்டே, "பஸ்ஸுல ஒரே கும்பலுக்கா, கசகசன்னு கீது" என்பாய். அதற்கப்புறம்தான் என்னைக் கூப்பிட்டு நெற்றியில் விபூதி பூசுவாய். எந்த ஊர்ப் பெட்டிக்கடையில் வாங்கின விபூதியோ, கண்ணை மூடிக்கொண்டு பூசிக்கொண்டேன்.

கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் குளிக்கக் கூடாது என்று எனக்கே தெரியும். ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அத்தைக்குச் சந்தேகம் வரவில்லையா, இல்லை எல்லாம் தெரிந்துதான் கத்தினாளா என்று கேட்க இன்றைக்கு அவளும் இல்லை. அம்மாவை நீ தொட்டாயா நைனா? கையைப் பிடித்தாயா, இல்லை தள்ளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாயா? ஆறு கட்டம் போட்ட ரிஜிஸ்டரில் அதற்கு ஒரு கட்டம் போடவில்லை.

ஃபைலில் அவள் போட்டோ இல்லை. ஒரு மனுஷ உருவத்தைக் கோடாக வரைந்து அச்சடித்திருக்கிறார்கள், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. எங்கெங்கே தேமல் இருக்கிறதோ அங்கே டாக்டர் பென்சிலால் தீட்டியிருக்கிறார். இடது முழங்கை, முதுகில் தோள்பட்டைக்குக் கீழே, வலது கால் கட்டைவிரல். எனக்கு அம்மாவின் முகம் ஞாபகமில்லை. இப்போது அவள் முதுகு எப்படி இருந்தது என்று தெரியும். வருஷத்துக்கு ஒரு படம். போகப்போகத் தீட்டல் குறைந்துகொண்டே வருகிறது. கடைசிப் படங்களில் வெறும் கோடுதான், ஒரு புள்ளிகூட இல்லை. ஓரத்தில் 'குணமாகிவிட்டது, ஊருக்கு அனுப்பலாம்' என்று எழுதியிருக்கிறது.

அதற்குப் பின்னால் சமூகப் பணியாளர் ஒருவர் எழுதிய குறிப்புகள் இருந்தன. நான்தான் வாய்விட்டு வாசித்தேன், வேலை அதுதானே. "வந்து பார்க்கும் ஊர்க்காரரிடம் பேசினேன். குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பதாகவும், முடிந்ததும் அழைத்துப்போவதாகவும் சொன்னார்." அடுத்த வருஷம்: "கல்யாணம் முடிந்ததாம். பெண்ணுக்கு ஒரு குழந்தை பிறக்கட்டும் என்கிறார்." அதற்கடுத்த குறிப்பு இரண்டே வரி. "நோயாளி இங்கேயே இருந்துவிடுவதாகச் சொல்கிறார். ஊர்க்காரரிடம் இனி இதைக் கேட்க வேண்டாம் என்கிறார்."

அந்தப் பெண் நான்தான். என் கல்யாணத்துக்காக, என் வயிற்றில் இருந்த பிள்ளைக்காக, உடம்பில் ஒரு வடுகூட மிச்சமில்லாத அம்மாவை அங்கேயே உட்கார வைத்தாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? கல்யாணமே வேண்டாம், அம்மா வேண்டும் என்று சொல்லியிருப்பேனே. சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அப்படித்தான் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் காகிதம் இறந்தவரின் உடைமைப் பட்டியல். புடவை மூன்று, அலுமினியத் தட்டு ஒன்று, மூக்குக் கண்ணாடி ஒன்று, கல்யாண ஜோடி போட்டோ ஒன்று. என் கல்யாண போட்டோவாகத்தான் இருக்கும், உங்கள் கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கவில்லை. 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் உன் கையெழுத்து, அதே கோடு, அதே இரண்டு புள்ளி. உறவு என்ற இடத்தில் முதல் தடவையாக 'கணவர்' என்று எழுதியிருந்தாய். செத்த பிறகுதான் அவள் உனக்குப் பெண்டாட்டி ஆனாள்.

அந்தத் தேதியைப் பார்த்தேன். என் மகனுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த மாசம். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்திருந்தேன். நீ மொட்டைத் தலையோடு வாசலில் வந்து நின்றாய். மீசையும் இல்லை. "இன்னா நைனா இது?" என்று சிரித்தேன். "வேண்டுதல்" என்றாய். "மொட்ட போட்டுட்டு சந்தனம் பூசாம யாராச்சும் வருவாங்களா? முருகன் கோச்சிக்கப் போறாரு" என்று கிண்டல் பண்ணிக்கொண்டே உள்ளே போய்ச் சந்தன வில்லையைக் கரைத்து எடுத்து வந்தேன். உன்னை முக்காலியில் உட்காரவைத்து உச்சியிலிருந்து பிடரி வரைக்கும் பூசினேன். உன் பேரன் கைகொட்டிச் சிரித்தான். உன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. சந்தனம் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்து முந்தானையால் துடைத்துவிட்டேன்.

என் அம்மா செத்ததற்கு மழித்த தலை நைனா அது. அதில் சந்தனத்தைப் பூசிச் சிரித்தேன். நீயும் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அதற்கப்புறம் நீ திருப்போரூர்ப் பக்கமே போகவில்லை. கேட்டால் முட்டி வலி என்றாய்.

படுக்கையில் கிடந்த கடைசி மூன்று மாதம் உனக்கு எல்லாம் செய்தது நான். நாக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. ரசத்தில் உப்புக் கம்மி என்று சொல்ல முடிந்தது, இதைச் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரி ஆபீசரிடம் போய், இந்த ஃபைலில் 'பிள்ளைகள் இல்லை' என்று இருப்பது பிழை, திருத்த வேண்டும் என்றேன். மனுஷன் மரியாதையாகத்தான் பேசினார். "பழைய ரெக்கார்டுல கை வைக்கக் கூடாதும்மா. நீங்க பதிவு ஆபீஸ்ல இருந்தவங்க, உங்களுக்குத் தெரியாததா? அவங்க பொண்ணுன்னு ஏதாவது ஆதாரம் இருந்தா குடுங்க." என்னிடம் என்ன இருக்கிறது? நான் வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் உன் பெயர் மட்டும்தான். எனக்கு இருந்த ஒரே சாட்சி நீ, உன்னையும் நான்தான் கொண்டுபோய் எரித்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். நூர்ஜஹான் அந்த ஃபைலை ஏற்ற ஆரம்பித்தாள். பெயர், வயது, ஊர் எல்லாம் தட்டிவிட்டு, "புள்ளைங்க எத்தினிக்கா?" என்றாள்.

"ஒண்ணு போடு."

"இல்லன்னு கீதேக்கா?"

"ஒண்ணு போடுடி" என்று அதட்டினேன். ஆயுசில் ஒரு பத்திரத்திலும் ஓர் எழுத்தை மாற்றாதவள் நான். நூர்ஜஹான் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்று என்று தட்டினாள். மதியம் தன் குழம்பு முழுவதையும் என் தட்டில் கவிழ்த்துவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. இந்த மனுஷன் பயந்தாங்கொள்ளி, நான் அப்படி இல்லை என்று உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சமயம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். உனக்குச் செல்லப் பேத்தி, நீ இருக்கும்போது அவளுக்குப் பள்ளிக்கூட வயசு. இப்போது சிறுசேரியில் வேலை. பையனும் அங்கேதான், இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்த்தான் பெரியவர்கள் வரைக்கும் வந்தது. பையனுடைய அம்மா நல்ல மாதிரி. பட்சணத்தை வாயில் போட்டுக்கொண்டே, "தப்பா நெனச்சிக்காதீங்க சம்மந்தி, எல்லா எடத்துலயும் கேக்கறதுதான். சொந்தத்துல யாருக்குனா சக்கர, பிரஷரு அந்த மாதிரி கீதா? உங்க அம்மா இன்னா ஆயி தவறுனாங்க?" என்றார்.

என் மகள் காபித் தட்டை வைத்துக்கொண்டு கதவோரம் நிற்கிறாள். முகத்தில் அத்தனை சந்தோஷம். வாயைத் திறந்தேன்.

"காய்ச்சலுங்க. எனக்கு அப்போ அஞ்சு வயசு" என்றேன்.

யோசிக்கவே இல்லை நைனா. நாக்கு குழறவில்லை. அந்த அம்மாள் "அய்யோ பாவம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் பூ வைக்க வருகிறார்கள்.

உன்னை ஆசை தீரத் திட்ட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்தப் பொய் இவ்வளவு சுலபமாக வந்துவிடும் என்று நீ ஒரு நாளாவது சொல்லியிருந்தால், கொஞ்சம் பார்த்துத் திட்டியிருப்பேன்.